புல்வெட்டும் வண்டிக்கு வந்த பில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய பில்லின் படம் வந்து சேர்ந்தது. ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொண்டுபோன ரைடிங் மோவருக்கு ஏழு வரி போட்டிருக்கிறார்கள்: கோளாறு பார்த்த கட்டணம், கார்புரேட்டர், பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், டியூன்-அப், பிளேடு சாணை, கடைசியில் கந்தைத்துணி, கிரீஸ் வகைக்கு ஒரு தொகை. கூட்டினால் 700 டாலரைத் தொடுகிறது. ஐந்து வருடம் ஓடிய வண்டிக்கு இது பெரிய தொகைதான், கோபம் வந்ததில் தப்பில்லை. ஆனால் கடைக்குப் போய் "விலை அதிகம்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் கூலி அதிகம் கேட்பது குற்றமில்லை. ஒப்புதல் வாங்காமல் செய்த வேலை, செய்யாமலே பணம் வாங்கிய வேலை, தேவையில்லாமல் தலையில் கட்டிய வேலை, இந்த மூன்றைத்தான் கேள்வி கேட்க முடியும். மொத்தத் தொகையை ஓரமாக வைத்துவிட்டு, வரிவரியாகப் பார்.

முதலில் கடையின் பக்கம் இருக்கும் நியாயம். நீ இருக்கும் ஒஹையோவில் நவம்பரில் ஷெட்டுக்குள் போகும் வண்டி ஏப்ரலில்தான் வெளியே வருகிறது. அங்கே பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாங்கில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகும். அந்தப் பிசின் கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைத்துவிடும். பிரித்துக் கழுவ ஆகும் கூலியைவிடப் புது கார்புரேட்டர் மலிவாக முடிவதும் உண்டு. ஆகவே 'கழுவியிருக்கலாமே, ஏன் மாற்றினாய்' என்ற கேள்வி நிற்காது. அந்த வரியை விட்டுவிடு.

உறுத்துவது பேட்டரியும் ஸ்டார்ட்டரும் அடுத்தடுத்த வரியில் நிற்பது.

உன் வண்டியில் இருப்பது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் ஒற்றை சிலிண்டர் இஞ்சின். மில்வாக்கியில் 1908-இல் தொடங்கிய நிறுவனம் அது. அமெரிக்கப் புல்வெளிகளில் அதன் இஞ்சின் இல்லாத தெரு அபூர்வம். இந்த வகை இஞ்சினில் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் இஞ்சின் கொஞ்சம் சுற்றி, அழுத்தம் ஏறும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தால் பேட்டரி இறங்கிவிட்டது போலவே இருக்கும். பேட்டரியை மாற்றினால் தீராது, அடுத்து ஸ்டார்ட்டரை மாற்றுவார்கள், அப்போதும் தீராது. உண்மையில் தேய்மானத்தால் வால்வு இடைவெளி கூடியிருக்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் வால்வை லேசாகத் தூக்கி சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்க கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன அமைப்பு வைத்திருக்கிறார்கள். இடைவெளி கூடிப்போனால் அதற்கு வால்வு எட்டாது. வால்வு கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் செருகி, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குச் சரிசெய்தால் வண்டி பழையபடி சுழலும். நம் ஊர் பைக் மெக்கானிக் செய்கிற டாப்பெட் செட்டிங்தான் இது.

உன் பில்லில் டியூன்-அப் வரிக்குக் கீழே 'வால்வு சரிசெய்தது' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அப்படியானால் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வால்வைச் சரிசெய்த பிறகும் ஸ்டார்ட்டர் இழுக்கவில்லையா, அல்லது ஸ்டார்ட்டரை மாற்றியும் தீராமல்தான் வால்வைத் திறந்தார்களா? இரண்டாவது என்றால், கடையின் தவறான ஊகத்துக்கு நீ பணம் கட்டியிருக்கிறாய். பேட்டரியைப் பற்றியும் அதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி எவ்வளவு காட்டியது, லோட் டெஸ்ட் போட்டார்களா? போட்டிருந்தால் அந்தக் கணக்கு வேலைச்சீட்டில் இருக்கும்.

வாடிக்கையாளரின் இந்தச் சந்தேகம் வெறும் மனப்பிரமை அல்ல என்று அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1941-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுக்காக ரோஜர் ரீஸும் ஜான் பேட்ரிக்கும் ஒரு விசாரணை நடத்தினார்கள். நல்ல நிலையில் இருந்த காரில் காயில் ஒயர் ஒன்றை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, அன்றிருந்த 48 மாநிலங்களிலும் ஒர்க்ஷாப் ஒர்க்ஷாப்பாக ஏறி இறங்கினார்கள். மொத்தம் 347 இடங்கள். அவற்றில் 63 சதவீதம் ஏதோ ஒரு வகையில் ஏமாற்றின: தேவையில்லாத பாகம், செய்யாத வேலை, வாயில் வந்த கட்டணம். மற்றவர்கள் ஒயரை மாட்டி நியாயமாக அனுப்பிவைத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வை. கேட்பதற்கு முன்பே கடைக்காரரைத் திருடன் என்று முடிவுகட்டிக்கொண்டு போகாதே.

அரை நூற்றாண்டு கழித்து, 1992-இல், கலிஃபோர்னியா அரசு சியர்ஸ் நிறுவனத்தின் கார் சர்வீஸ் நிலையங்களுக்கு மாறுவேடத்தில் ஆள் அனுப்பியது. 38 முறை போனதில் 34 முறை தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டினார்கள் என்று குற்றம்சாட்டியது. வீட்டுக்கு வீடு கிராஃப்ட்ஸ்மன் மோவர் விற்றுப் பேர் வாங்கிய அதே சியர்ஸ்தான். கவுண்டரில் இருந்தவர்களுக்கு விற்பனைக்கேற்ற கமிஷனும் இலக்கும் வைத்திருந்ததே காரணம் என்று பேசப்பட்டது. பிறகு நிறுவனமே அந்தக் கமிஷன் முறையைக் கைவிட்டது. 'இதையும் மாற்றியாக வேண்டும்' என்று சொல்கிறவருக்கே அந்த விற்பனையில் பங்கு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இனி உன் கையில் இருக்கும் சட்டம். பல மாநிலங்களில் கார் ரிப்பேருக்குத் தனிச் சட்டம் உண்டு, ஆனால் மோவர் சாலையில் ஓடப் பதிவு செய்த வாகனம் இல்லை என்பதால் அதற்குள் வராது. ஒஹையோக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். 1972-ஆம் ஆண்டின் நுகர்வோர் விற்பனை நடைமுறைச் சட்டத்தின் கீழ், பொதுவாக எல்லாப் பழுதுவேலைக்கும் அங்கே ஒரு விதி இருக்கிறது. 25 டாலருக்கு மேல் ஆகக்கூடிய வேலையை நேரில் கொண்டுபோய் ஒப்படைத்தால், வேலை தொடங்குவதற்கு முன்பே கடை ஒரு படிவம் தர வேண்டும். எழுத்தில் எஸ்டிமேட் வேண்டுமா, வாய்வார்த்தை போதுமா, எஸ்டிமேட்டே வேண்டாமா என்று நீ அதில் குறிக்க வேண்டும். எஸ்டிமேட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டும் என்று தெரிந்தால் உன் ஒப்புதல் இல்லாமல் மேலே போகக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களையும் உன்னிடம் திருப்பித் தர வேண்டும். கம்பெனிக்கு அனுப்புவதாகவோ புதுப்பித்து விற்பதாகவோ இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் ஃபோனில் சொன்னது "ஒரு முன்னூறு ஆகும்" என்று. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை என்கிறாய். அப்படியானால் உன் பலம் ஸ்டார்ட்டர் பற்றிய வாதத்தைவிட இங்கேதான் இருக்கிறது. எது பழுது என்று இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒப்புதல் வாங்கினார்களா என்பதற்கு அப்படி இரண்டு பதில் கிடையாது. உன் ஃபோனில் அழைப்புப் பட்டியல் இருக்கும், முதலில் அதைப் படம் எடுத்து வை.

பணம் கட்டி வண்டியை எடுத்துவந்தது சரியான காரியம். கூலி பாக்கிக்காக வண்டியைப் பிடித்துவைக்கக் கடைக்கு உரிமை உண்டு, அதற்குள் புல் முழங்கால் வரை வளர்ந்திருக்கும். டெபிட் கார்டில் இல்லாமல் கிரெடிட் கார்டில் கட்டியது இன்னும் நல்லது.

இப்போது செய்ய வேண்டியது ஒரு பக்கக் கடிதம். கடை முதலாளிக்கு, மரியாதையாக. ஸ்டார்ட்டருக்கும் பேட்டரிக்கும் யார், எந்தத் தேதியில் ஒப்புதல் கொடுத்தது. சோதனையில் என்ன காட்டியது. போட்ட பாகங்களின் எண்கள் என்ன. பழைய ஸ்டார்ட்டர் எங்கே. இந்த நான்கு கேள்விக்குப் பிறகு, அந்த இரண்டு வரிகளின் தொகையை டாலர் சென்ட் கணக்கோடு எழுதி, பத்து நாளுக்குள் திருப்பித் தரக் கேள். 'மோசடி', 'வழக்கு' போன்ற வார்த்தைகள் வேண்டாம். நியாயமான முதலாளியாக இருந்தால் வேலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரியையாவது கழிப்பார். அது நடந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடு. பார்ட்ஸும் மெக்கானிக்கும் கிடைக்கும் கடை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதிகம் இல்லை.

பதில் வராவிட்டால் கார்டு வங்கிக்கு எழுது. 1974-ஆம் ஆண்டின் நியாயமான கடன் பில் சட்டப்படி, தப்பான கணக்கு ஏறிய ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் உன் கடிதம் வங்கிக்குச் சேர வேண்டும். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பாதே; பில் விசாரணைக்கென்று தனி முகவரி ஸ்டேட்மெண்டில் இருக்கும். வங்கி 30 நாளுக்குள் கடிதம் கிடைத்ததைத் தெரிவித்து, அதிகபட்சம் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை தகராறில் இருக்கும் தொகையை மட்டும் நிறுத்திவை, மற்றதைத் தவறாமல் கட்டு. வேலையின் தரம் பற்றிய தகராறுக்கு இன்னும் சில நிபந்தனைகள் உண்டு: 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், கடை உன் மாநிலத்திலோ 100 மைலுக்குள்ளோ இருக்க வேண்டும், முதலில் கடையோடு பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். தொகையை வங்கிக்குக் கட்டி முடித்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

அதற்கும் மேலே மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவு இருக்கிறது. புகாரை வாங்கிக் கடைக்கு அனுப்பி, சமரசத்துக்கு முயல்வார்கள். கடைசிப் படி சிறு வழக்கு நீதிமன்றம்: 6,000 டாலர் வரை, வக்கீல் வைக்காமலே போகலாம். மேலே சொன்ன ஒஹையோ விதியை மீறியது நிரூபணமானால் இழப்பின் மும்மடங்கு அல்லது 200 டாலர், எது அதிகமோ அதைக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. நீ அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது. இருந்தாலும் கடிதம் எழுதும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

உன் பக்கத்து வீட்டுக்காரரின் புது வண்டியைப் பற்றியும் கேட்டிருந்தாய். வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று கடையில் சொன்னார்களாமே, அது சரியில்லை. 1975-இல் வந்த மாக்னுசன்-மாஸ் சட்டப்படி, இலவசமாகக் கொடுத்தால் ஒழிய, தங்கள் பாகத்தையும் தங்கள் சர்வீஸையும்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. அரசின் விசேஷ அனுமதி பெற்றால் மட்டும் விலக்கு. அவர் ஆயில் மாற்றிய ரசீதுகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

அடுத்த முறை கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்று. 15 சதவீத எத்தனால் பம்பின் பக்கமே போகாதே, மோவரில் அதை ஊற்றச் சட்டப்படியே தடை. சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, பிளேடு சுவிட்சை அணைத்திருந்தால்தான் இஞ்சின் எடுக்கும். ஃபியூஸையும் பேட்டரி முனையில் பூத்த உப்பையும் பார். சர்வீஸுக்கு ஜனவரியில் கொடு. அப்போது கடை சும்மா இருக்கும், மெக்கானிக்குக்கு யோசித்துப் பார்க்க நேரமும் இருக்கும். ஒப்படைக்கும் சீட்டில் '300 டாலரைத் தாண்டினால் கூப்பிடவும்' என்று உன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடு.

இஞ்சினில் மாடல், டைப், கோடு என்று மூன்று எண்கள் பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்து இன்றே அனுப்பு. அந்த எண்களைக் கொடுத்தால் கம்பெனியின் பாகப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். பில்லில் இருக்கும் எண்கள் உன் இஞ்சினுக்கு உரியவைதானா என்று சனிக்கிழமை ஃபோனில் சேர்ந்து பார்த்துவிடலாம். கடைக்கு எழுதும் கடிதத்தை அதற்குப் பிறகு அனுப்பு. அக்காவையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா