எத்தனை லிட்டர் என்று கேட்டிருந்தாய்

கெங்குவார்பட்டி,
வைகாசி

அன்பு மருமகளுக்கு,

நீ போனில் அனுப்பியிருந்ததை நிதானமாகப் படித்தேன். இதற்குப் போனில் பதில் தட்ட உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும். உங்கப்பா வெள்ளிக்கிழமை திருப்பூர் வருகிறானாம், அதனால் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். மெதுவாகப் படி.

ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்கிறாள். போனில் ஒரு ஆப் மணிக்கொரு தரம் கூவுகிறது. வெறும் வயிற்றில் ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் முகம் பளபளக்கும் என்று எவரோ வீடியோ போடுகிறார். எது சரி என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருசத்துக்கு மேல் கிராம நர்சாக இருந்தவளிடம் கேட்கிறாய் என்பதால் உருப்படியாகவே சொல்கிறேன்.

நாளைக்கு எட்டு டம்ளர் என்று எல்லாரும் சொல்கிற கணக்கு எங்கே முளைத்தது என்று யாரும் உறுதியாகக் காட்டியதில்லை. பலரும் கைகாட்டுவது 1945-இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் எழுதிய ஒரு குறிப்பை. ஒரு ஆளுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர் போதும் என்று அதில் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே வந்துவிடுகிறது என்றும் இருக்கிறது. முதல் வரி உலகம் சுற்றியது, அடுத்த வரி அங்கேயே தங்கிவிட்டது. 2002-இல் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக மருத்துவ ஆய்வாளர் பழைய ஆய்வுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, ஆரோக்கியமாக இருக்கிற ஒவ்வொருவரும் எட்டு டம்ளர் குடித்தே தீர வேண்டும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார். நம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சுமாராக 2 லிட்டர் என்கிறது. ஐரோப்பியர்கள் 2010-இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு இரண்டரை என்று வைத்தார்கள். அதுவும் சாப்பாட்டில் இருக்கிற நீரையும் சேர்த்து, வெயில் கடுமையில்லாத ஊருக்கு.

நம் சாப்பாட்டை நினைத்துப் பார். வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதன்மேல் சாம்பார், ரசம், மோர். இட்லியும் அப்படியே. ரொட்டியும் வறுத்த கறியும் தின்கிறவர்களின் கணக்கை ரசஞ்சோறு சாப்பிடுகிற உன்மேல் அப்படியே ஏற்ற முடியாது. ஆனால் நீ காலையில் பரோட்டாப் பொட்டலத்தோடு ஓடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அப்படியானால் அந்தப் பங்கு உனக்குக் குறைகிறது.

2022-இல் 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரின் உடம்பில் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் வந்து போகிறது என்று அளந்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 96 வயது வரைக்கும் அதில் உண்டு. வயசு, உடம்பின் பருமன், செய்கிற வேலை, ஊரின் வெப்பம், காற்றின் ஈரம் எல்லாவற்றையும் பொறுத்து ஆளுக்கு ஆள் அது வெகுவாக மாறுகிறது என்று கண்டார்கள். இதற்கு நம் ஊரே சாட்சி. இப்போது மாங்காய்ப் பறிப்பு நடக்கிறது. தோப்பில் அலக்கோடு நிற்கிறவனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போனாலும் வியப்பில்லை. அதே நேரத்தில் பேங்கில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அதில் சிறு பங்குகூடப் போகாது. உன் அப்பத்தாவுக்கோ இருதயம் பலவீனம், கால் வீங்குகிறது. டாக்டர் அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரே தெருவில் மூன்று பேர். இவர்களுக்கு ஒரே எண்ணைச் சொல்லச் சொன்னால் நான் எதைச் சொல்வேன்?

தோப்பு வேலைக்காரர்கள் தூக்குச்சட்டியில் நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் கொண்டுபோவார்களே, அது வெறும் பழக்கமென்று நினைக்காதே. வியர்வையோடு உப்பும் போகிறது. மணிக்கணக்கில் வியர்த்துவிட்டு வெறுந்தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் தலை சுற்றும், கெண்டைக்கால் இழுக்கும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் கலக்கி, தாய்மார்கள் கையாலேயே கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. நான் வீடு வீடாகக் கொடுத்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான்.

நீ தைக்கிற ஹாலில் நின்று செக்கிங் பார்க்கிறாய். தோப்பு அளவுக்கு வெயில் இல்லை, பேங்க் அளவுக்குக் குளிர்ச்சியும் இல்லை. அயர்னிங் பக்கம் நீராவி வருகிறது என்று எழுதியிருந்தாய். உனக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் வரை குடிநீர் தேவைப்படும் என்பது என் மதிப்பு. மழை நாளில் குறையும், சித்திரை வைகாசியில் கூடும். உன் வயசில் தாகத்தை நம்பலாம். ரத்தம் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கெட்டியானாலே மூளை தாகத்தைக் கிளப்பிவிடும், சிறுநீரகத்துக்கும் நீரைப் பிடித்து வை என்று சொல்லிவிடும். வயசானவர்களுக்குத்தான் அந்த உணர்ச்சி மங்கும், அவர்களுக்கு நாம் ஞாபகப்படுத்த வேண்டும். இன்னொரு அடையாளம் ஒன்றுக்குப் போகும்போது பார்க்கிற நிறம். வைக்கோல் மாதிரி வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறாய். அடர்ந்த மஞ்சளாகி வாடையும் வந்தால் போதவில்லை. சத்து மாத்திரை சாப்பிடுகிற நாளில் மட்டும் இந்த அடையாளம் பொய் சொல்லும், பி காம்ப்ளெக்ஸ் நல்ல மஞ்சளாக இறங்கும்.

நாலு லிட்டர் எதற்கு? முகம் பளபளப்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டருக்குள்தான் வெளியேற்றும். அதற்கு மேல் ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்கு சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவில். ஓடும் வழியெல்லாம் அளவுக்கு மீறிக் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். ஆகவே ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிக்கிற போட்டியில் நீ சேராதே. அந்த ஆப்பையும் எடுத்துவிடு.

இனி உன் செய்தியின் கடைசி வரிக்கு வருகிறேன். தண்ணீர் கணக்கையெல்லாம் நீளமாகக் கேட்டுவிட்டு, முடிக்கும்போது போகிற போக்கில், "அப்பப்ப நீர்க்கடுப்பு வருது அத்தை, சூடு போல" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முந்தின வரியில், லைனை விட்டு பாத்ரூம் போக டோக்கன் வாங்கணும், ஒரு டோக்கன்தான் இருக்கு, அதனால் மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே சங்கதி, தாயி. எனக்குத் தூக்கம் வராமல் செய்தது இதுதான்.

நான் இதை நம் தோப்புகளில் வருசா வருசம் பார்த்தேன். உச்சி வெயிலில் ஆம்பளைகள் கேனைத் தூக்கி மடமடவென்று குடிப்பார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி வருவார்கள். மாங்காய் தரம்பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற பெண்கள் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். ஏனம்மா குடிக்கவில்லை என்று கேட்டால், "குடிச்சா எங்க நர்சம்மா போறது" என்பார்கள். எலிவால் அருவி 975 அடி உயரத்திலிருந்து கொட்டி மஞ்சளாறாக நம் பக்கம் வருகிறது, அணையில் தேங்குகிறது, வயலுக்கும் தென்னைக்கும் பாய்கிறது. அந்த ஆற்றுப் பக்கத்தில் இருந்துகொண்டு, நாள் முழுக்கத் தொண்டை காய உழைக்கிற பெண்கள் சாயங்காலம் இடுப்பு வலி என்று என்னிடம் வந்தார்கள். தண்ணீர் இல்லாமல் இல்லை. போக இடம்தான் இல்லை.

பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குட்டை, நாலு சென்டிமீட்டர்தான். கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். அடிக்கடி நிறையப் போனால் அது கழுவிக்கொண்டு வெளியேறும். குடிக்காமலும் அடக்கியும் வைத்திருந்தால் உள்ளேயே தங்கிப் பெருகும். விலக்கு நாட்களில் நாப்கின் மாற்றவும் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் என்ற ஆய்வாளரின் குழு, வெப்பத்தில் வேலை செய்கிற 312 பெண்களை ஆராய்ந்து 2016-இல் எழுதியது. அதில் வேலை இடத்தில் கழிப்பறை இல்லாத, அல்லது சரியில்லாத 200 பேரில் 87 விழுக்காட்டினர் இந்த மாதிரித் தொல்லை வந்து வந்து போவதாகச் சொன்னார்கள். ஆகவே இது உன் உடம்புச் சூடு இல்லை, உன் தலையெழுத்தும் இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து, நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2018-இல் முடிவு வந்தது. பாதிப் பேரைக் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருசத்தில் அவர்களுக்கு வந்தது சராசரி 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2. கிட்டத்தட்டப் பாதி.

ஆனால் குடித்தால் போக வேண்டுமே. அதனால் டோக்கன் சங்கதியை நீ சும்மா விடக்கூடாது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 18-ஆம் பிரிவு குடிதண்ணீர், 19-ஆம் பிரிவு கழிப்பறை. தண்ணீர் வைக்கிற இடம் கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், 250 பேருக்கு மேல் இருந்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் தர வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருந்தது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, வேலை நேரம் முழுக்கப் போய்வரும்படி இருக்க வேண்டும் என்பதும் இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் வருசத்துப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இந்த இரண்டையும் விட்டுவிடவில்லை. லைனில் அறுபது பெண்களுக்கு ஒரு டோக்கன் என்பதைச் சூப்பர்வைசர் தன் வசதிக்கு வைத்துக்கொண்டது. நீ தனியாகப் போய்ச் சண்டை போடாதே, புதுசாகச் சேர்ந்தவளைக் குறிவைப்பார்கள். மூத்த தையல்காரம்மாக்களைச் சேர்த்துக்கொள். அவர்களில் பாதிப் பேருக்கு உன் தொல்லைதான் இருக்கும், வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார்கள். ஐந்தாறு பேராக வெல்ஃபேர் ஆபீசரிடம் போய், டோக்கனை எடுங்கள் என்று கேளுங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் 181-க்குப் போன் பண்ணு, எனக்கும் சொல்லு.

உன் தம்பி பள்ளிக்கூடத்தில் 2025-லிருந்து தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்கள், வாட்டர் பெல் என்று. கேரளத்தில் 2019-இலேயே ஆரம்பித்தது. பிள்ளைகள் நல்லபடியாகக் குடிக்கிறார்கள், எனக்கு அதில் சந்தோசம். ஆனால் மணியடிக்கிற ஒவ்வொரு பள்ளியிலும் பொம்பளைப் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் வாளியில் தண்ணீரும் இருக்கிறதா என்பதை ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்க வேண்டும். நான் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு இப்போதைக்கு இதைச் செய். எழுந்ததும் ஒரு டம்ளர். பரோட்டாவை விட்டுவிட்டு ஹாஸ்டலில் இட்லி சாப்பிடு, அதோடு ஒரு டம்ளர். ஷிப்ட் ஏறுமுன் கட்டாயம் ஒன்றுக்குப் போய்விட்டு ஏறு. முக்கால் லிட்டர் பாட்டிலை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு, டீ நேரத்துக்குள் பாதி, மத்தியானத்துக்குள் மீதி. சாயங்காலம் அதையே இன்னொரு தரம் நிரப்பிக்கொள். அடக்கி வைக்காதே, திட்டினாலும் போய்விட்டு வா.

கடுப்பு இரண்டு மாசமாக விட்டுவிட்டு வருகிறது என்றால் இளநீரும் வெந்தயமும் மட்டும் போதாது. லீவு நாளுக்குக் காத்திருக்காமல் அரை நாள் பெர்மிஷன் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. சிறுநீர் சோதனை எடுக்கச் சொல்லு, கல்ச்சரும் கேள். மாத்திரை கொடுத்தால் எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்தாமல் கொடுத்த நாள் முழுக்கச் சாப்பிடு. காய்ச்சலோ, நடுக்கமோ, விலாப் பக்கம் வலியோ வந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும், அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதற்கு அடையாளம். ரிசல்ட் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. உங்கப்பா கையில் பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஒரு பை செந்தூர மாம்பழமும் கொடுத்தனுப்புகிறேன். பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரிக்கும் கொடு.

உன் அத்தை