வாழைமர நோட்டு சேர்க்கும் பிள்ளைகளுக்கு

திருப்பூர் மண்ணரை பனியன் கம்பெனிகளுக்குச் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த பிள்ளைகள் சிலர், ஊரில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்ததென்று ஜப்பான்காலத்து மலேயா நோட்டுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். சேர்க்கலாமா, விற்கலாமா என்று கேள்வி. சொல்கிறேன், கேளுங்க கண்ணுகளா.

1. முதலில் ஆசையை அடக்குங்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்த பிறகு ஜப்பான்காரர்கள் அச்சடித்துத் தள்ளிய நோட்டு இது. கடைசியில் கணக்கு வழக்கில்லாமல் அடித்தார்கள். விலைவாசி தறிகெட்டுப் போனது. 1945-ல் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் ஒரேயடியாகச் செல்லாது என்றுவிட்டது. மாற்ற வழியில்லை, அதனால்தான் கட்டுக்கட்டாக மிஞ்சியது. சாதாரணப் பத்து டாலருக்கு லட்ச ரூபாய் என்று வாட்ஸப்பில் வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

2. நோட்டைப் படியுங்கள். பத்து டாலரில்தான் வாழைமரம். வாழைமர நோட்டு என்ற பெயர் மற்றவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆண்டு இருக்காது. கேட்டவுடன் ஜப்பான் அரசு பணம் தரும் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்குறுதி மட்டும் இருக்கும். அதே போரில் போலந்தைப் பிடித்த ஜெர்மானியராவது 1940-ல் கிராக்கோவில் ஒரு வங்கியையே திறந்தார்கள். அதன் தலைவர் ஃபெலிக்ஸ் ம்வினார்ஸ்கியின் பெயரை வைத்தே ஜனங்கள் அந்த நோட்டை அழைத்தார்கள். மலேயா நோட்டில் ஒப்புக்குக்கூட ஒரு வங்கியின் பெயர் இல்லை. எழுத்துக் குறி 'எம்' என்று தொடங்கினால் மலேயா. 'பி' போட்டு ரூபாய்க் கணக்கில் இருந்தால் பர்மா. எழுத்தோடு வரிசை எண்ணும் இருந்தால் ஆரம்பகால அச்சு, அதற்குக் கொஞ்சம் மதிப்புண்டு.

3. வெளுக்காதீர்கள். இதை நம்ம ஊரில் அழுத்திச் சொல்லியாக வேண்டும். கறை கண்டால் பெராக்சைடு, சுருக்கம் கண்டால் ஸ்டீம் அயர்ன் என்று கை தானாகப் போகும். எக்ஸ்போர்ட் பீஸை அப்படித்தான் தேற்றுகிறோம். நோட்டுக்கு அது ஆகாது. காகித நார் நைந்து, மையின் நிறம் மங்கி, தொட்டவுடனே கழுவிய நோட்டென்று தெரிந்துவிடும். மடிப்பும் எண்ணெய்க் கறையும் அப்படியே இருக்கட்டும். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டுகிறவனிடம் எனக்குப் பேச்சே இல்லை. பி.வி.சி. கவரும் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும். பாலியஸ்டர் உறை வாங்குங்கள்.

4. சாய ஆலையில் ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸ் இருக்கிறதே, அது உதவும். புற ஊதா டியூபை மட்டும் போட்டு ஒரு நிமிஷம் பாருங்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் பிரைட்னர் அந்தக் காலத்துக் காகிதத்தில் கிடையாது. நீலமாகப் பளீரென்றால் புதுக் காகிதத்தில் அடித்த நகலாக இருக்கும், இல்லையென்றால் எவனோ சோப்புத்தூளில் அலசியிருப்பான். இரண்டுமே நமக்கு வேண்டாம்.

5. நேதாஜி படை முத்திரை இருக்கிறது என்று விலை ஏற்றுவார்கள். ரப்பர் ஸ்டாம்பை நேற்றுக்கூடக் குத்தலாம். நோட்டின் விலையை மட்டும் கொடுங்கள்.

6. விற்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். மலேயாவில் எந்தத் தோட்டம், யார் கொண்டுவந்தது, ஜப்பான்காரர்கள் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு வீட்டிலிருந்து யாராவது இழுத்துப் போகப்பட்டார்களா? அந்தத் தகவல் கடையில் கிடைக்காது. கேட்டதைத் தனித்தாளில் தேதி போட்டு எழுதி, நோட்டின் உறைக்கு வெளியே வையுங்கள். மை நோட்டில் ஊறக் கூடாது.