இரண்டு லட்ச ரூபாய் பேஸ் கிட்டாரில் கூடுதலாக என்ன கேட்கும்?

கேள்வி: திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலும் வாசிப்பேன். என்னிடம் இருப்பது பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய நான்கு கம்பி பேஸ். "இதை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவே? அமெரிக்கன் ஃபெண்டர் ஒண்ணு வாங்கு, அப்பதான் சவுண்டு உட்காரும்" என்று எங்கள் கீபோர்டு அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இரண்டு லட்சம் ஆகும் போலிருக்கிறது. வீட்டு நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார் அப்பா. விலை அதிகமான பேஸ் உண்மையிலேயே நன்றாக இருக்குமா? கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியுமா? வாங்குவதாக இருந்தால் ஐந்து கம்பியாக வாங்கலாமா?

— வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

விலை கூடிய பேஸ் எல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. நல்ல பேஸ் நல்ல பேஸ்தான். ஆனால் அந்த நன்மை யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பங்கு வாசிக்கிறவருக்கு: கை நோகாது, ட்யூனிங் நிற்கும், ஆண்டுகள் போனாலும் நெக் முறுக்காது, விற்கப் போனால் விலை கிடைக்கும். ஐந்தாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவருக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

ஒலி எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் இது புரியும். வீணையில் கம்பியின் அதிர்வைப் பெரிதாக்கித் தருவது பலாமரக் குடம். மின்சார பேஸில் அப்படி எதுவும் இல்லை. உருக்குக் கம்பி அதிர்கிறது. அதற்குக் கீழே, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய பிக்கப் இருக்கிறது. அந்த அதிர்வு அங்கே மின்சாரமாகி ஒயர் வழியே ஓடிவிடுகிறது. மரத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் கம்பி எந்த வகை, பழசா புதுசா, பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறது, விரல் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்பவைதான் பெரிய பங்காளிகள். ஃபெண்டர் ஜாஸ் பேஸில் 1970களில் பின்பக்கப் பிக்கப்பை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜை நோக்கி நகர்த்தினார்கள். அறுபதுகளின் ஒலி சிறந்ததா, எழுபதுகளின் ஒலி சிறந்ததா என்று பேஸ் வாசிக்கிறவர்கள் இன்றும் இரண்டு கட்சியாக நின்று சண்டை போடுகிறார்கள். அந்த ஒரு சென்டிமீட்டருக்குத் தொழிற்சாலையில் தனிச்செலவு ஏதும் இல்லை.

மரம் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். உயர்ந்த விலை பேஸ்களில் விரல் பதிக்கும் பலகைக்குப் பல காலமாகப் பயன்படும் இந்திய ரோஸ்வுட், நம்முடைய ஈட்டி மரம். ஃபெண்டரின் மலிவுப் பிரிவான ஸ்குவையரில் சில ஆண்டுகளாக வருவது இந்தியன் லாரல், அதாவது நம் கருமருது. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்பவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டு எது எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சொல்ல முடியும் என்கிறவர்களைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை உண்டு.

உங்கள் அண்ணன் சொல்லும் ஃபெண்டரின் பூர்வீகத்தையும் பாருங்கள். லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1951இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், விரைவாகச் செய்யவும் எளிதாகப் பழுது பார்க்கவும் தோதாகத் திட்டமிட்ட தொழிற்சாலைச் சரக்கு. நெக்கைப் பாடியோடு நான்கு திருகாணி போட்டு இறுக்கினார், அவ்வளவுதான். வயலின் செய்கிறவர்கள் பார்த்தால் முகம் சுளித்திருப்பார்கள். பேஸ் ஒலி என்று உலகம் இன்று எதை நினைக்கிறதோ அது பெரும்பாலும் அந்தச் சரக்கிலிருந்து வந்தது.

மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் ஒன்று இருந்தது. அதில் தடித்த ஃப்ளாட்வூண்ட் கம்பி, அதாவது மேலே தட்டையாகச் சுற்றிய வழவழப்பான கம்பி. அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். கம்பி பலகையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். வலக்கையில் வேலை செய்தது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். இன்று எந்தக் கடைக்கு அதைக் கொண்டுபோனாலும் செட்டப் சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பழைய கம்பியும் அந்த ஒரு விரலும் சேர்ந்ததுதான் அவர் ஒலி. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் ஹோஃப்னர் பேஸ் வாங்கியதும் அது உயர்ந்தது என்பதற்காக அல்ல; ஃபெண்டர் வாங்கக் காசில்லை. முப்பது பவுண்டு அளவில் முடிந்தது. இடக்கைக்காரர் அவர், இரு பக்கமும் ஒரே மாதிரி வயலின் வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம். 1972இல் திருடு போன அந்த பேஸ் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர் கைக்குத் திரும்பியபோது உலகச் செய்தியானது. இப்போது அதற்கு விலை சொன்னால் அது ஒலிக்கான விலையா?

பழைய ஃபெண்டர்களுக்கு, குறிப்பாக 1965இல் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கியதற்கு முந்தையவற்றுக்கு, பல லட்சம் கொடுக்கிறார்கள். அது பழம்பொருள் சந்தை. நமக்கு அங்கே வேலை இல்லை.

புதிய பேஸுக்கு வருவோம். முப்பது வருடத்துக்கு முன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அன்றைக்கு மலிவு பேஸ் என்றால் பாதி விறகு. ட்யூனிங் நிற்காது, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி சேராது. கணினி வழியில் ஓடும் சி.என்.சி. வெட்டும் இயந்திரங்கள் வந்தபின் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஃப்ரெட் பதிக்கும் பள்ளத்தை இயந்திரம் மலிவு நெக்கிலும் அதே அளவில்தான் வெட்டுகிறது. இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் கோர்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை, தன் பெயரில் மட்டுமல்ல, பெரிய பெயர்கள் பலவற்றுக்கும் கிட்டார் செய்து கொடுக்கிறது. மார்க்கஸ் மில்லர் போன்ற ஒரு பேஸ் மேதை சைர் என்ற நடுத்தர விலை பேஸுக்குத் தன் பெயரையே கொடுத்தார்.

அப்படியானால் மீதிப் பணம் எங்கே போகிறது? அமெரிக்கத் தொழிலாளியின் கூலி, ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் பெயர், கப்பல், சுங்க வரி, கடைக்காரர் லாபம். இவற்றுக்குப் பிறகு மிஞ்சுவது கைவேலை. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். புரூக்ளினில் ஃபோடெரா என்று ஒரு பட்டறை. பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் வாசிப்பது அவர்கள் செய்த பேஸ். பல ஆயிரம் டாலர். அப்படிப்பட்ட பேஸின் நெக்கைத் தடவிப் பார்த்தால் ஃப்ரெட் முனை ஒன்றுகூட விரலில் தட்டாது. உங்களுடையதில் தட்டும். மலிவு பேஸில் மிச்சம் பிடிக்கும் இடங்கள் இவைதான்: ஃப்ரெட்டைச் சமப்படுத்தித் தேய்க்கும் நேரம், ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பி உட்காரும் நட்டைச் சரியான ஆழத்துக்கு அறுக்கும் பொறுமை, வால்யூம் குமிழுக்கு உள்ளே இருக்கும் பாட், ஜாக், இரைச்சலைத் தடுக்கும் செம்புத்தகடு. ஒன்று கவனியுங்கள். இவை எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். சரிசெய்ய முடியாதது முறுக்கிய நெக் ஒன்றுதான்.

சில குறைகளுக்கு விலை தெரியாது. ஜி கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழுக்குள் ஒரு ஸ்வரம் மட்டும் வைத்தவுடன் செத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள். டெட் ஸ்பாட் என்பார்கள். நெக்கின் சொந்த அதிர்வு அந்த ஸ்வரத்தின் அதிர்வோடு ஒத்துப்போய் அதன் சக்தியை உறிஞ்சிவிடுகிறது. அமெரிக்க ஃபெண்டரிலும் இது பேர்போன குறை. இளையராஜா பாடல்களில் பேஸ் தனிக்குரலாகப் பாடிக்கொண்டு மேலே ஏறும்போது விரல் பெரும்பாலும் அந்த ஊர்வழிதான் போகும், அதனால் உங்களுக்கு இது முக்கியம். கடையில் ஜி கம்பியின் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வைத்து, அது அடங்கும்வரை காத்திருந்து கேளுங்கள். அதேபோல் கிப்சன் தண்டர்பேர்ட் விலை உயர்ந்ததுதான். தோளில் மாட்டிக் கையை எடுத்தால் ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்துச் சாயும். கல்யாணக் கச்சேரியில் நான்கு மணிநேரம் இடக்கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வாசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் மேடை. திருவிழாவுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போனால் உங்கள் பேஸ் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரே மிக்சருக்குப் போகிறது. அங்கே இருப்பவர் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒலியை மதிப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஈ கம்பியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். சாதாரண ஸ்பீக்கர் பெட்டிகள் பலவற்றுக்கு அவ்வளவு கீழே இறங்கத் தெரியாது. கேட்கிறவர் காதில் விழுவது அதற்கு மேலே இருக்கும் 82 ஹெர்ட்ஸும் மற்ற மேல் ஸ்வரங்களும்தான். போதாததற்கு டிரம்ஸின் கிக் அதே இடத்தில் வந்து உட்காரும். சவுண்டு உட்காரவில்லை என்று உங்கள் அண்ணன் சொல்வது அநேகமாக இதைத்தான். பேஸை மாற்றினால் இது தீராது; சவுண்டுக்காரரோடு டீ குடித்துப் பேசினால் தீரும்.

உர்ரென்ற இரைச்சலுக்கும் பேஸை உடனே குற்றம் சொல்லாதீர்கள். ஜெனரேட்டர் மேடைகளில் எர்த்திங் ஒழுங்காக இருக்காது. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் நின்றால் பேஸுக்குள்ளே செம்புத்தகடு ஒட்டிப் பார்க்கலாம். தொட்டால் சுர்ரென்று இழுத்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு லட்சம் கொடுத்து வாங்கியதாயிருந்தாலும் ஷாக் ஷாக்தான்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கம்பி மாற்றி எவ்வளவு நாளாயிற்று? பதினெட்டாயிரம் ரூபாய் பேஸில் வந்த கம்பியே இன்னும் இருக்கிறது என்றால் முதல் வேலை அது. பழைய பாடல்கள் அதிகம் வாசித்தால் ஃப்ளாட்வூண்ட் போடுங்கள். பேஸே மாறிவிட்டது போலிருக்கும். பிறகு கை சுத்தமான ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்து ஃப்ரெட்டைச் சமப்படுத்தி, நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைச் சரிசெய்து, பதினேழாம் ஃப்ரெட்டில் ஈ கம்பி ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர், ஜி கம்பி 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெயில் மேடைக்கும், கோடையிலிருந்து ஐப்பசி மழைக்கும் நெக் அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை இதைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு சோதனை. யாராவது நண்பரின் அமெரிக்கன் ஃபெண்டரைக் கடன் வாங்குங்கள். இரண்டிலும் ஒரே வகைப் புதுக்கம்பி போட்டு, ஒரே பாடலை, ஒரே ஒயரில், ஒரே அளவில் பதிவுசெய்து, எது எது என்று சொல்லாமல் அண்ணனுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடலாம். வரிசையை மாற்றி மாற்றிப் பத்துத் தடவை கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் புதிது வேண்டும் என்று தோன்றினால் தப்பில்லை. கையில் எடுக்க ஆசை வருகிற பேஸைத்தான் அதிக நேரம் வாசிப்போம், அதுவும் ஒரு கணக்கு. ஆனால் நாற்பது, ஐம்பதாயிரத்துக்குள் நின்றுகொள்ளுங்கள். பதினெட்டாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையில் கை உணரும் வித்தியாசம் பெரியது. ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை போனால், பணம் ஏறுகிற வேகத்தில் பேஸ் ஏறாது. மிச்சத்தில் ஒரு நல்ல ஆம்ப்.

கடைசியாக ஐந்து கம்பி. உங்களுக்கு அது தேவைப்படும். இன்றைய சினிமாப் பாடல்களில் சின்தசைசர் பேஸ் ஈக்குக் கீழே சாதாரணமாக இறங்குகிறது. நான்கு கம்பியில் அந்த இடத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். ஆனால் மலிவுக்கும் உயர்வுக்கும் வித்தியாசம் உண்மையாகவே காதில் கேட்கிற இடம் இது ஒன்று. கீழ் பி கம்பி 31 ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. நெக் விறைப்பாக இல்லாவிட்டால் அந்தக் கம்பி தொளதொளவென்று ஆடும், ஸ்வரம் எது என்றே தெரியாமல் ஒரு முனகல் மட்டும் வரும். 34 அங்குல அளவே போதும் என்று வாசிக்கிறவர்களும் உண்டு. 35 அங்குலத்தில் பி கம்பி இன்னும் இறுக்கமாக நிற்கும், விரல்தான் கொஞ்சம் கூடுதலாக விரிய வேண்டும். கடையில் மற்ற நான்கு கம்பியைத் தொடுவதற்கு முன் பி கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டை வையுங்கள். அதுவும் திறந்த ஈ கம்பியும் ஒரே ஸ்வரம். இரண்டும் ஒரே கனத்தில், ஒரே தெளிவில் கேட்டால் வாங்குங்கள். பி பக்கம் மங்கினால் அது எந்தப் பெயர் போட்ட பேஸாக இருந்தாலும் அடுத்ததை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.