காதல் காமிக்ஸ்: ஜப்பானா, கொரியாவா?

கேள்வி: கொரிய வெப்டூன் காதல் கதைகள் கண்ணுக்கு அழகாக இருந்தும், ஜப்பானிய மாங்கா போல மனதில் தங்குவதில்லையே, ஏன்?

பதில்: வேகம்தான் காரணம் என்பேன். கைபேசித் திரையில் மேலிருந்து கீழே ஓடும் வெப்டூன் பெரும்பாலும் வாரத் தொடர். ஒவ்வொரு வாரமும் வாசகரைக் கட்டிப்போட்டாக வேண்டும். மாங்காவின் கறுப்பு வெள்ளைப் பக்கம் மௌனத்துக்கு இடம் விடுகிறது. கருஹோ ஷீனாவின் 'கிமி நி தொடொகே' மாத இதழில் 2005 முதல் 2017 வரை வந்தது. கூச்சக்காரி சவாகோ மனதைத் திறக்கவே பல தொகுதிகள் ஆகின்றன. அந்தத் தயக்கத்தில் நாமும் கூடவே இருக்கிறோம். அதற்காகக் கொரியாவை ஒதுக்கிவிடாதீர்கள். யாவொங்கி 2018இல் தொடங்கிய 'ட்ரூ பியூட்டி', ஒப்பனைக்குள் முகத்தை மறைக்கும் பெண்ணின் பயத்தை நேர்மையாகச் சொன்னது. பின்பாதி இழுவைதான். முதல் பாதியையாவது நிதானமாகப் படியுங்கள்.