ஆறு நூற்றாண்டு கண்ட மரக் களஞ்சியம்

விளைந்த தானியத்தைக் காக்கும் கட்டடம் உறுதியாக இராவிடில், உழவன் ஆண்டு முழுவதும் பட்ட பாடு வீணாகும். ஆதலின், சங்கத்திற்குக் கிடங்கு அமைக்கக் கருதும் அங்கத்தினர்கள், நெடுங்காலம் நிலைத்துள்ள ஒரு களஞ்சியத்தின் வரலாற்றை அறிதல் நலம்.

வரலாறு

இங்கிலாந்தில் லண்டன் மாநகரின் மேற்கெல்லையில் ஹார்மண்ட்ஸ்வர்த் என்னும் கிராமம் உள்ளது. அவ்வூர்ப் பண்ணையை விக்காம் வில்லியம் என்னும் மேற்றிராணியார் 1391-ஆம் ஆண்டில் வாங்கி, தாம் நிறுவிய வின்செஸ்டர் கல்லூரிக்கு வருவாயாக அளித்தார். பண்ணையின் விளைச்சலை வைப்பதற்குக் கல்லூரியார் 1426-27-ல் ஒரு களஞ்சியம் எழுப்பினர். கல்லூரியின் பழைய கணக்கேடுகள் இதற்குச் சான்று. மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்களும் அக்காலத்தையே உறுதிசெய்துள்ளனர்.

அமைப்பு

களஞ்சியத்தின் நீளம் 192 அடி. அகலம் 37 அடி. உயரம் 39 அடி. அதில் 12 அங்கணங்கள் உள்ளன. இரு வரிசையாக நிற்கும் ஓக் மரத் தூண்கள் கட்டடத்தை நடுக்கூடமாகவும் இருபுறத் தாழ்வாரங்களாகவும் பிரிக்கின்றன. சுவர்கள் பலகையாலும் கூரை ஓட்டாலும் ஆனவை. ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றொன்றின் முனையைச் செதுக்கி அதனுள் செருகி, மரமுளை அடித்து இணைத்துள்ளனர். பெரிய வாயில்கள் வழியே வண்டிகள் கதிர்க்கட்டுகளுடன் உள்ளே வந்தன.

நிலைத்தமைக்குக் காரணம்

தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை, கற்களின்மீது நிறுத்தப்பட்டுள்ளன. எனவே, நிலத்தின் ஈரம் மரத்தில் ஏறுவதில்லை. தூணுக்கும் உத்தரத்திற்கும் இடையே சாய்வாகப் பொருத்திய முட்டுமரங்கள் காற்றின் வேகத்தைத் தாங்குகின்றன. பழுது நேர்ந்தபோதெல்லாம் அவ்வப்போது செப்பனிட்டு வந்ததால், மரங்களில் பெரும்பாலானவை முதலில் வைத்தவையாகவே இருக்கின்றன.

கைவிடப்பட்ட காலம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உழவுத் தொழிலுக்கு அது பயன்படுவது நின்றது. 2006-க்குப் பின் உடையவர்கள் பராமரிப்பில் சிரத்தை கொள்ளவில்லை. கூரை பழுதுற்று மழைநீர் இறங்கலாயிற்று. 2009-ல் அவசரப் பழுதுபார்ப்பு நடந்தது. பின்னர், புராதனக் கட்டடங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு 20,000 பவுன் கொடுத்து அதை வாங்கியது. இச்செய்தி 2012 ஜனவரியில் வெளியாயிற்று. ஊரார் கூடி அமைத்த நண்பர் சங்கமும் அதன் பாதுகாப்பில் துணை நிற்கிறது.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை

1. மரத்தூணைக் கல்லின்மேல் நிறுத்துக. கறையான் மிகுந்த இடங்களில் இது இன்னும் அவசியம்; புற்று ஏறினால் உடனே கண்ணிற்படும்.

2. மழைக்காலத்திற்கு முன் ஆண்டுதோறும் கூரையைப் பார்வையிடுக. உடைந்த ஓடு ஒன்றை மாற்றுதல் சிறு செலவு. உளுத்த உத்தரத்தை மாற்றுதல் பெருஞ்செலவு.

3. மரம், கூலி, பழுது ஆகியவற்றின் கணக்கைத் தேதியுடன் எழுதி வைக்குக. பின்வருவோர் கட்டடத்தின் நிலையை அதனால் அறிவர்.

4. பராமரிப்புக்கென ஆண்டு லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதைப் பார்வையிடும் பொறுப்பைப் பஞ்சாயத்தாரில் ஒருவரிடம் ஒப்புவிக்குக.