பாஸ்புக்கில் யார் பேர்?

இந்த மாதப் பாடம் வங்கிக் கணக்கு தொடங்குவது பற்றியது. "அதான் எங்களுக்குத் தெரியுமே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

போன மாதம் கோவில்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் புதுக் குழுவுக்குக் கணக்கு தொடங்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம். பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருந்த அக்கா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். அவருடைய ஆதார் அட்டை தொலைந்து பல வருஷம் ஆகிவிட்டது, நம்பரும் தெரியாது. "மேடம், எங்க மதினி கார்டு இருக்கு. ஜெராக்ஸ்ல எம் போட்டோவ ஒட்டிக் குடுத்துருவமா? ஒரே குடும்பந்தான, யாரு கேக்கப் போறா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி ஒன்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அது வேறு ஒரு குழு, பன்னிரண்டு பேர். அங்கேயும் ஒரு பிரதிநிதி கொழுந்தியாளின் அட்டையைக் காட்டித்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். சேமிப்பு கட்டும்வரை யாரும் கவனிக்கவில்லை. புரட்டாசி விதைப்புக்குக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். ரேகை ஒரு ஆள், பேர் வேறு ஆள். அன்றைக்கே குழுவின் கணக்கு நின்றுவிட்டது. போலீசுக்குப் போகாமல் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள் என்றாலும், கணக்கைச் சரிசெய்து கடன் கைக்கு வரும்போது கார்த்திகை. உளுந்தும் பாசியும் விதைக்கிற ஈரம் போய்விட்டது. தப்பே செய்யாத பதினோரு பேரும் வெளி வட்டிக்கு வாங்கினார்கள். அந்தப் படிவத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் நடப்பில் உள்ளது. இன்னொருவர் போல் நடித்து ஏமாற்றுவது ஆள்மாறாட்டம். பிரிவு 319-ன்படி 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஏமாற்றுவதற்காக ஆவணத்தைத் திருத்தினாலோ போட்டோ மாற்றி ஒட்டினாலோ பிரிவு 336-ன்படி 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "நான் செய்யல, புரோக்கர் செஞ்சு குடுத்தாரு" என்று சொல்லித் தப்ப முடியாது. போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்தினால், தயாரித்தவருக்கு உள்ள தண்டனைதான் என்று பிரிவு 340 சொல்கிறது. தெரிந்தே சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் உடந்தைதான். ஊக்குநர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இதைப் படித்துவிட்டு வீணாகப் பயப்படவும் வேண்டாம். அப்பா பேரின் இனிஷியல் ஓர் அட்டையில், வீட்டுக்காரர் இனிஷியல் இன்னொன்றில் என்று இருப்பது குற்றம் இல்லை. ஏமாற்றுகிற எண்ணம் இருந்தால்தான் குற்றம். கல்யாணத்துக்குப் பிறகு பேர் மாறியிருந்தால் அரசு தரும் திருமணப் பதிவுச் சான்றைச் சேர்த்துக் கொடுத்தால் வங்கி ஏற்கும்.

"வங்கியில ஏன் இப்பிடிப் போட்டுக் கொடையுறாக?" என்று கேட்கிறோம். காரணம் இருக்கிறது. 2005-ல் யெஸ் பேங்க் பங்கு வெளியீட்டில் சிறு முதலீட்டாளர்களுக்கு என்று ஒதுக்கிய பங்குகளை, குஜராத்தில் அகமதாபாத்தைச் சேர்ந்த சிலர் ஆயிரக்கணக்கான பொய்ப் பேர்களில் விண்ணப்பித்து அள்ளிக்கொண்டார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விசாரித்தபோது, ஒரே முகவரியில் கூட்டம் கூட்டமாகக் கணக்குகள் இருந்தது தெரியவந்தது. ஆளைச் சரியாகப் பார்க்காமல் கணக்கு தொடங்கிய பல வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2006 ஜனவரியில் அபராதம் போட்டது. பெரிய ஆட்கள் செய்த வேலைக்கு நம்மைக் கேள்வி கேட்கிறார்கள் என்று எனக்கும் கோபம் வரும். ஆனால் அந்தப் பொய்ப் பேர்களால் பங்கு கிடைக்காமல் போனதும் சாதாரண ஆட்களுக்குத்தான்.

பொய்ப் பேர் கொடுப்பது மட்டும் அல்ல, நம் நிஜப் பேரை அடுத்தவருக்கு இரவல் கொடுப்பதும் வம்புதான். 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றானபோது "உங்க கணக்குல போட்டு எடுத்துக் குடுங்க" என்று எத்தனை பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள், நினைவிருக்கிறதா? அதே மாதம் 1-ஆம் தேதிதான் திருத்திய பினாமி சட்டம் நடப்புக்கு வந்திருந்தது. அதில் 1 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல், சொத்து மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். இப்போது ஆள் மாறி வருகிறார்கள். "கணக்கு ஆரம்பிச்சு ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் குடுங்க, மாசம் இவ்வளவு தாரோம்" என்கிறார்கள். எங்கோ ஒருவரிடம் போனில் திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது பாஸ்புக்கில் உள்ள பேரைத்தான். அப்படி ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே வங்கிக்குப் போய்க் கார்டை நிறுத்துங்கள். 1930 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

தண்டனையே வராவிட்டாலும் நஷ்டம் உண்டு. மதினி பேரில் உள்ள கணக்கில் நீங்கள் கட்டிய பணம் சட்டப்படி மதினி பணம். நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தக் கணக்கை வைத்து உங்கள் பிள்ளைகள் சேமிப்பும் கேட்க முடியாது, வங்கி மூலம் எடுக்கிற 2 லட்ச ரூபாய் காப்பீடும் கேட்க முடியாது. மருந்து அறையில் நிற்கிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

சரி, அட்டையே இல்லாதவர் என்ன செய்ய? ஆதார், வாக்காளர் அட்டை, அரசு அலுவலர் கையெழுத்துள்ள நூறு நாள் வேலை அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டு மட்டும் போதாது. ஒன்றுமே இல்லை என்றாலும் "சிறு கணக்கு" என்று கேளுங்கள். போட்டோ கொடுத்து, வங்கி அலுவலர் முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, வருஷத்துக்கு வரவு 1 லட்சம், மாதத்துக்கு எடுப்பது 10,000. முதலில் 12 மாதம் செல்லும். அதற்குள் அட்டைக்கு விண்ணப்பித்த ஆதாரம் காட்டினால் இன்னும் 12 மாதம் நீட்டிப்பார்கள். குழுக் கணக்கு தொடங்க எல்லா உறுப்பினரின் அட்டையும் தேவையில்லை, பொறுப்பாளர்களுடையது போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கிளையில் தெரியாமல் கேட்டால் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளையை மில்லுக்கு அனுப்ப வயசைக் கூட்டிக் கணக்கு தொடங்குவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு, பத்து வயசு ஆன பிள்ளை பேரில் உண்மையான வயசிலேயே கணக்கு தொடங்கலாம், அதற்குச் சிறியவர்களுக்கு அம்மாவே காப்பாளராக இருக்கலாம் என்பது மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே வேறு பேரில் கணக்கு இருந்தால் மறைக்காமல் கூட்டமைப்பில் சொல்லுங்கள். வங்கிக்குப் போகும்முன் வக்கீலிடம் கேட்பது நல்லது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100 எண்ணுக்கும் பேசலாம்.

அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அக்காவை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போனோம். குச்சி அடுக்கியே ரேகை தேய்ந்துபோய் விரல் பதியவில்லை. கண்ணை வைத்துப் பார்த்ததில் நம்பர் கிடைத்துவிட்டது. அட்டையில் ஊர்ப் பேர் மட்டும் பிறந்த ஊராக இருக்கிறது. வருகிற புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு அதை மாற்றப் போகிறார்.