கான்ட்ராஸ்ட் மருந்தும் இதயமும்: பரிசோதனைக்கு முன் அறிய வேண்டியவை

1958 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் இதய மருத்துவர் மேசன் சோன்ஸ், ருமாட்டிக் இதயநோய் கொண்ட 26 வயது இளைஞரின் மகாதமனியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்பாராத வகையில் குழாயின் நுனி வலது இதயத் தமனியில் நுழைந்துவிட, சுமார் 30 மி.லி. கான்ட்ராஸ்ட் மருந்து நேராக அதற்குள் பாய்ந்தது. சில நொடிகள் இதயம் துடிக்கவில்லை. சோன்ஸ் நோயாளியை இருமச் சொன்னார். சில இருமல்களுக்குப் பின் துடிப்பு மீண்டது. அவ்வாறு செலுத்துவது உயிரைப் பறிக்கும் என்றே அதுவரை மருத்துவர்கள் அஞ்சினர். அளவைக் குறைத்தால் பாதுகாப்பாகச் செய்ய இயலும் என்று சோன்ஸ் உணர்ந்தார். கரோனரி ஆஞ்சியோகிராம் பிறந்தது.

எக்ஸ் கதிர்ப் படத்தில் இரத்தமும் தசையும் ஏறத்தாழ ஒரே சாயலில் தெரியும். அயோடின் எக்ஸ் கதிர்களை மிகுதியாக ஈர்த்துக்கொள்வதால், அது கலந்த மருந்து ஓடும் இரத்தக்குழாய் தெளிவாகத் தெரிகிறது.

இதயத்தில் நிகழ்வது என்ன?

மருந்து இதயத் தமனியை நிரப்பும் நொடிகளில் பிராணவாயு தாங்கிய இரத்தம் விலகுகிறது. அதனால் துடிப்பு சற்றுக் குறையலாம். இரத்த அழுத்தம் இறங்கலாம். மருந்து கடந்ததும் பெரும்பாலும் இவை தாமே சீராகிவிடும். மேலும், இம்மருந்தின் அடர்த்தி திசுக்களிலுள்ள நீரை இரத்தக்குழாய்க்குள் இழுக்கிறது. வலுக்குன்றிய இதயத்திற்கு அது கூடுதல் சுமை. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் உண்டாகலாம்.

பழைய மருந்துகளின் சவ்வூடுபரவல் அடர்த்தி இரத்தத்தைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேல். இன்று பரவலாகப் பயன்படும் அயனியற்ற மருந்துகளில் அது இரண்டு, மூன்று மடங்கே. அயோடிக்சனால் என்னும் மருந்தோ இரத்தத்திற்கு இணையானது. இதனாலேயே இதயத்தின் மீதான பாதிப்பு இன்று வெகுவாகக் குறைந்துள்ளது.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

1. முன்பு இம்மருந்தால் அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் ஏற்பட்டிருந்தால் கட்டாயம் கூறுங்கள். மீன், இறால் ஒவ்வாமைக்கும் அயோடினுக்கும் தொடர்பில்லை; எனினும் எல்லா ஒவ்வாமைகளையும் ஆஸ்துமாவையும் குறிப்பிடுங்கள்.

2. சிறுநீரகப் பாதிப்பு இருப்பின், அண்மைய கிரியேட்டினின் அறிக்கையைக் கொண்டுவாருங்கள்.

3. மெட்ஃபார்மின் உட்கொள்பவரை, சிறுநீரகச் செயல்பாட்டைப் பொறுத்து, 48 மணி நேரம் அதை நிறுத்திவைக்க மருத்துவர் பணிக்கலாம். இதய மாத்திரை எதையும் தாமாக நிறுத்தலாகாது.

4. தைராய்டு மிகைச்சுரப்பு அல்லது தைராய்டுக் கட்டி உள்ளோர் அதைத் தெரிவிக்க வேண்டும். மிகுதியான அயோடின் சுரப்பைத் தூண்டி, சில வாரங்களுக்குப் பின்னரும் படபடப்பையும் ஒழுங்கற்ற துடிப்பையும் உண்டாக்கக்கூடும்.

5. இதயச் செயலிழப்பு உள்ளோர், 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்னும் பொது அறிவுரையை அப்படியே பின்பற்றலாகாது. எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

பரிசோதனையின்போதும் பின்னரும்

உடலெங்கும் வெம்மை பரவுதல், நாவில் உலோகச் சுவை, சிறுநீர் கழிந்துவிட்டது போன்ற உணர்வு ஆகியவை இயல்பானவை; ஓரிரு நிமிடங்களில் மறையும். ஆனால் நெஞ்சுவலி, தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல், மயக்க உணர்வு தோன்றினால் அக்கணமே சொல்லுங்கள். கடுமையான எதிர்வினைகள் அரிதானவை. பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திற்குள் தோன்றுபவை. ஆதலால் அந்நேரம்வரை காத்திருக்கச் சொன்னால், பொறுமையுடன் இருங்கள்.

சிறுநீரகம் நன்கு இயங்குவோரின் உடலிலிருந்து ஏறத்தாழ முழு மருந்தும் 24 மணி நேரத்தில் வெளியேறிவிடும். வீடு திரும்பியபின் மூச்சுத்திணறலோ கால்வீக்கமோ தோன்றினாலும், சிறுநீர் குறைந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நோயாளி கூறினால், விடியட்டும் என்று உடனிருப்போர் காத்திருக்க வேண்டாம்.